கடைசிப் பேச்சு

நம் நாவல்களில் சாகிறவர்கள் மிகவும் நன்றாகப் பேசுகிறார்கள். உயிரோடு இருந்த முந்நூறு பக்கங்களில் உருப்படியாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத பாத்திரம்கூட, முந்நூற்றோராவது பக்கத்தில் கட்டிலில் விழுந்தவுடன் இலக்கண சுத்தமாகப் பேச ஆரம்பித்துவிடுகிறது. மூச்சுத் திணறுகிறது என்பதைக் காட்ட ஆசிரியர் நடுநடுவே புள்ளிகள் வைத்திருப்பார். புள்ளிகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மேடைப் பிரசங்கம். கதாநாயகியின் கையை எடுத்துக் கதாநாயகன் கையில் வைப்பது, இருபது வருஷத்து ரகசியத்தை வெளியிடுவது, பகையாளியை மன்னிப்பது, ஊருக்கும் உலகுக்கும் ஒரு செய்தி சொல்வது ஆகிய எல்லாம் முடிந்த பிறகுதான் தலை சாய்கிறது. அதற்கு ஒரு விநாடி முன்னால் சாய்ந்த தலை எதையும் நான் படித்ததாக ஞாபகம் இல்லை. சினிமாவிலோ, சொல்லவே வேண்டாம்.

ஏன் இப்படி எழுதுகிறார்கள் என்பது நாவல் எழுதுகிற எனக்குத் தெரியாததல்ல. கதையில் சிக்கல் விழுந்துவிட்டால் அவிழ்ப்பதற்கு இதைவிடச் சௌகரியமான உத்தி கிடையாது. சாகிறவர் வார்த்தைக்கு மறுவார்த்தை பேச யாரும் துணியமாட்டார்கள். மற்ற நேரத்தில் சொன்னால் வாசகர் சிரிக்கக்கூடிய உபதேசத்தை அந்த நேரத்தில் சொன்னால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பேரேட்டில் கடைசி வரி எழுதிக் கணக்கை நேர் செய்து மூடுகிற மாதிரி ஒரு திருப்தி ஆசிரியருக்கும் வாசகருக்கும் கிடைக்கிறது.

சாகப்போகிற மனிதன் உண்மையில் எதைப் பற்றி நினைக்கிறான், எதைப் பற்றிப் பேசுகிறான் என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு நாவலாசிரியனை நிறுத்துப் பார்ப்பதற்கு இந்தக் கேள்வியைவிட நல்ல தராசு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

டால்ஸ்டாய் முப்பது வயது வாலிபராக இருந்தபோதே அந்தத் தராசில் ஏறி நின்றவர். 1859-இல் வெளிவந்த ‘மூன்று மரணங்கள்’ என்ற சிறுகதையில் க்ஷயரோகத்தில் சாகும் சீமாட்டி ஒருத்தி வருகிறாள். இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தால் பிழைத்துவிடுவேன் என்கிறாள். புருஷன் முன்பே அழைத்துப் போகவில்லை என்று குறைப்படுகிறாள். பாதிரியார் வந்து போன பிறகும், பச்சிலை வைத்தியம் செய்கிற யாரோ ஒருவனைக் கூப்பிட்டனுப்பச் சொல்லுகிறாள். அதே கதையில், வழியிலுள்ள தபால் வண்டிச் சாவடியின் கணப்பு மேடையில் கிழட்டு வண்டிக்காரன் ஒருவன் இருமிக்கொண்டு கிடக்கிறான். வாலிப வண்டிக்காரன் ஒருவன் அவனிடம் வந்து, உன் புது பூட்ஸை எனக்குக் கொடுத்துவிடு, உனக்கு இனி அது எதற்கு என்று கேட்கிறான். கிழவன் கோபித்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள், என் சமாதிக்கு ஒரு கல் மட்டும் வாங்கி வைத்துவிடு என்கிறான். சமையற்காரி, தன் மூலையை இவன் அடைத்துக்கொண்டு கிடக்கிறானே என்று முணுமுணுக்கிறாள். அவளிடம் அவன் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறான்; சீக்கிரமே மூலையைக் காலி செய்துவிடுவதாகச் சொல்லுகிறான். அன்று இரவே காலியும் செய்துவிடுகிறான்.

ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு கல், சமையலறையில் ஒரு மூலை. இவ்வளவுதான் அந்தக் கிழவனின் கடைசிப் பேச்சு. ஆத்மா, மறுமை என்ற பேச்சே அவன் வாயில் வரவில்லை. சீமாட்டியின் பேச்சோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்று தெரியும். அவள் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டு சாகிறாள். அவன் மற்றவர்களிடம் பட்ட சின்னச் சின்னக் கடன்களைத் தீர்த்துவிட்டுச் சாகிறான்.

இருபத்தேழு வருஷம் கழித்து, 1886-இல், அதே டால்ஸ்டாய் ‘இவான் இலியீச்சின் மரணம்’ எழுதினார். அந்தக் கதை பிறந்த விதமே நம் விஷயத்தோடு சம்பந்தப்பட்டது. துலா நகரத்து நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்த இவான் இலியீச் மெச்னிக்கோவ் என்பவர் 1881-இல் இறந்துபோனார். பிற்பாடு நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி மெச்னிக்கோவின் அண்ணன் அவர். வாழ்ந்த வாழ்க்கை வீணாகிவிட்டதே என்று கடைசி நாட்களில் அவர் பேசியதை அவர் மனைவி டால்ஸ்டாயின் மைத்துனியிடம் சொல்லி, மைத்துனி டால்ஸ்டாயிடம் சொன்னாள். ஒரு வீட்டு அறையில் மெதுவாகப் பேசப்பட்ட பேச்சு இரண்டு பெண்களின் வாய் வழியாக ஒரு மேதையின் காதில் விழுந்தது. அதைப் பிரசங்கமாக்காமல் வைத்துக்கொள்ள அந்த மேதைக்குத் தெரிந்திருந்தது.

கதை, இவான் இலியீச் செத்த பிறகு ஆரம்பிக்கிறது. நீதிமன்றத்தில் இடைவேளை. சக உத்தியோகஸ்தர் ஒருவர் பத்திரிகையில் மரண அறிவிப்பைப் பார்த்துச் சொல்லுகிறார். கேட்டவர்கள் மனத்தில் முதலில் எழுவது, இனி அந்த ஸ்தானம் யாருக்கு, அதனால் தனக்கும் தன்னைச் சேர்ந்தவர்களுக்கும் என்ன பிரமோஷன் என்ற எண்ணம். அடுத்தது, செத்தது அவர்தான், நான் இல்லை என்ற நிம்மதி. துக்கம் விசாரிக்கப் போன நண்பரிடம் விதவை கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, சர்க்காரிடமிருந்து இன்னும் கொஞ்சம் பணம் பெயர்க்க வழி உண்டா என்று விசாரிக்கிறாள். நண்பர் உட்கார்ந்திருக்கும் மெத்தை ஆசனத்தின் வில்கள் கிறீச்சிடுகின்றன. துக்கம் கேட்டுவிட்டு நேரே சீட்டாட்டத்துக்குப் போய்ச் சேருகிறார் அவர். இதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை. நம் ஊரில் எந்தச் சாவு வீட்டுத் திண்ணையிலும் கால் மணி உட்கார்ந்து எழுந்தவருக்கு இது தெரியும்.

சாவைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் பிரமோஷனையும் பென்ஷனையும் பேசுகிறார்கள். சாகிறவர் என்ன நினைத்தார் என்பதற்காக ஆசிரியர் நம்மைப் பின்னுக்கு அழைத்துப் போகிறார். இவான் இலியீச் கெட்டவர் இல்லை; ஒழுங்காக வேலை பார்த்து, ஒழுங்காகக் கல்யாணம் செய்துகொண்டு, படிப்படியாக உயர்ந்தவர். புது வீட்டில் திரைச்சீலை எப்படித் தொங்க வேண்டும் என்று காட்ட ஏணியில் ஏறியபோது வழுக்கி, விலாவில் அடிபடுகிறது. அன்றைக்கு அது சிரித்துப் பேசிய விஷயம். பிறகு வலி வருகிறது. டாக்டர்கள் வருகிறார்கள், மூத்திரக்காயா குடல்முனையா என்று விவாதிக்கிறார்கள். ஆபத்தா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. தான் நீதிமன்றத்தில் கைதிகளிடம் காட்டிய அதே கனமான முகத்தை டாக்டர் தன்னிடம் காட்டுகிறார் என்பது அவருக்கு அப்போது புரிகிறது.

மனிதர்கள் எல்லாரும் சாகிறவர்கள் என்பதைப் பள்ளிக்கூடத்துத் தர்க்க பாடத்தில் அவர் படித்ததுதான். அது பொதுவாக மனிதனைப் பற்றியது. அம்மாவுக்குச் செல்லப் பிள்ளையாக இருந்த, ஒரு தோல் பந்தின் வாசனையை அறிந்த தனக்கும் அது பொருந்தும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. கட்டிலில் கிடக்கும்போது அவருடைய நினைவு போவதெல்லாம் அந்தப் பந்தையும், சின்ன வயதில் சாப்பிட்ட உலர்ந்த பழத்தின் ருசியையும் தேடித்தான். தீர்ப்புகளும் பதவிகளும் நினைவுக்கு வந்தால் கசக்கின்றன.

இந்தக் கதையில் என்னை மிகவும் பாதித்தது இவான் இலியீச்சின் வலி அல்ல. அவரைச் சுற்றியிருப்பவர்களின் பொய். அவர் சாகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் வெறும் உடம்பு சரியில்லை என்றும், டாக்டர் சொன்னபடி நடந்தால் குணமாகிவிடும் என்றும் எல்லாரும் நடிக்கிறார்கள்; அவரையும் நடிக்கவைக்கிறார்கள். ஒரு மாலையில் மனைவியும் மகளும் மாப்பிள்ளையாகப் போகிறவனும் நாடகத்துக்குக் கிளம்பி, அவர் அறைக்கு வருகிறார்கள். ஸாரா பெர்னார் என்ற பிரெஞ்சு நடிகையின் நடிப்பைப் பற்றிப் பேச்சு எழுகிறது. பேசிக்கொண்டே இருக்கும்போது நோயாளியின் கண்களை ஒருவர் பார்க்க, பேச்சு நின்றுபோகிறது. அந்த மௌனத்தைக் கலைக்க யாருக்கும் தைரியம் இல்லை. சாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல் சாவை அறையில் கொண்டுவந்து உட்காரவைத்த இந்த இடத்துக்கு ஈடாக வேறொன்றை நான் படித்ததில்லை.

பொய் சொல்லாதவன் ஒருவன் உண்டு. கெராஸிம் என்ற குடியானவ வேலைக்காரப் பையன். எஜமானரின் கால்களைத் தன் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். அப்படி வைத்தால் அவருக்கு வலி குறைகிறது. எல்லாரும் ஒரு நாள் சாகப்போகிறவர்கள்தானே, இந்தச் சிரமம் பெரிதா என்று சாதாரணமாகச் சொல்லுகிறான். வீட்டில் சாவு என்ற சொல்லை வாய் விட்டுச் சொன்னவன் அவன்தான். அவனோடு இருக்கும்போதுதான் நோயாளிக்கு ஆறுதல்.

கடைசியில் மூன்று நாள் அலறல். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பையனான மகன் வந்து கையில் முத்தமிட்டு அழுகிறான். மனைவியும் அருகில் நிற்கிறாள். மன்னிக்கும்படி அவர்களைக் கேட்க நினைக்கிறார் இவான் இலியீச். ருஷ்ய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒலிக்கும் வேறொரு சொல், வழிவிடச் சொல்லும் சொல், வாய் தவறி வந்துவிடுகிறது. திருத்திச் சொல்லச் சக்தி இல்லை. புரிய வேண்டியவருக்குப் புரியும் என்று விட்டுவிடுகிறார். நம்முடைய சாவுக் காட்சிகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஒரு எழுத்தும் பிசகாத பிரசங்கம். இங்கே பிசகிப்போன ஒரு சொல். மன்னிப்பு அந்தப் பிசகிய சொல்லில்தான் இருக்கிறது.

கதையின் முடிவில் இவான் இலியீச்சுக்குத் தெரியும் வெளிச்சம் டால்ஸ்டாய் வலிய ஏற்றிய விளக்கு என்று குறை சொல்லுகிற விமர்சகர்கள் உண்டு. அந்தக் குறையில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. டால்ஸ்டாய்க்குள் இருந்த உபதேசி எந்தக் கதையிலும் முழுக்கத் தூங்கியதில்லை. இதற்கு மாற்றாகச் செகாவைத்தான் படிக்க வேண்டும். 1902-இல் வெளிவந்த ‘பிஷப்’ என்ற கதையில் விளக்கே இல்லை. ஏழைக் குடும்பத்தில் பிறந்து பெரிய மதகுருவாகிவிட்ட ஒருவரைப் பார்க்க, பல வருஷங்களுக்குப் பிறகு தாயார் வருகிறாள். மற்றவர்களிடம் கலகலவென்று பேசுகிறவள், மகனிடம் மட்டும் மரியாதையும் பயமுமாகப் பேசுகிறாள். அவருக்கு அது வேதனை. டைபாய்டு வந்து உடம்பு மெலிந்து சுருங்கிப்போன கடைசி நாளில்தான் அவள் பயத்தை மறந்து, குழந்தையில் கூப்பிட்ட செல்லப் பெயரைச் சொல்லி முத்தமிடுகிறாள். அவருக்குப் பதில் பேச முடியவில்லை. தான் யாரோ ஒரு சாதாரண மனிதன், கையில் கம்பைத் தட்டிக்கொண்டு வயல்வெளியில் வேகமாக நடந்து போகிறான், எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று மட்டும் நினைக்கிறார். பிற்பாடு அந்தத் தாயார் தன் சிற்றூரில் மாட்டை ஓட்டிவரப் போகும்போது மற்றப் பெண்களிடம், எனக்கு ஒரு மகன் இருந்தான், பிஷப்பாக இருந்தான் என்று தயங்கித் தயங்கிச் சொல்லுகிறாள். எல்லாரும் அவளை நம்பவும் இல்லை. செகாவ் டாக்டர், அப்போது க்ஷயரோகியும்கூட. இரண்டு வருஷத்தில் அவரே போய்விட்டார். வெளிச்சம் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல அவர் துணியவில்லை.

இதெல்லாம் ருஷ்யர்களின் சாமர்த்தியம், நமக்கு நம் மரபு வேறு என்று சிலர் சொல்லக்கூடும். நம் மரபைப் புரட்டிப் பார்த்தால் அவர்கள் சொல்வது நிற்காது.

கோப்பெருஞ்சோழன் மக்களோடு ஏற்பட்ட பகையால் மனம் வெறுத்து வடக்கிருந்து உயிர்விட உட்கார்ந்தான் என்று புறநானூறு சொல்லுகிறது. அரசன் ஆயிற்றே, அறத்தையும் அரசியலையும் பற்றி அந்த நேரத்தில் எவ்வளவோ பேசியிருக்கலாம். அவன் கவலைப்பட்டது ஒரு இடத்தைப் பற்றி. பாண்டி நாட்டிலிருந்து, நேரில் பார்த்தே இராத நண்பர் பிசிராந்தையார் வருவார், அவருக்கும் பக்கத்தில் இடம் விட்டு வையுங்கள் என்றான். கூட இருந்தவர்கள் நம்பவில்லை. ஆனால் அவர் வந்தார். தானும் கூடவே சாகிறேன் என்று வந்த பொத்தியாரை, மகன் பிறந்த பிறகு வா என்று திருப்பி அனுப்பியிருக்கிறான். நண்பனுக்கு ஒரு ஆசனம், இன்னொரு நண்பனுக்குப் பிறக்கப்போகும் பிள்ளை. வண்டிக்காரக் கிழவனின் பூட்ஸுக்கும் இவற்றுக்கும் தூரம் அதிகம் இல்லை.

கம்பனின் வாலியை எடுத்துக்கொள்ளுங்கள். மார்பில் அம்பு தைத்துக் கிடக்கிறவன் முதலில் ராமனோடு நியாயம் பேசுகிறான். அந்தத் தர்க்கத்தை நம் பட்டிமண்டபங்கள் போதும் போதும் என்கிற அளவுக்கு அலசிவிட்டன. தர்க்கம் ஓய்ந்த பிறகு வாலி கேட்கும் வரத்தைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. தம்பி சுக்கிரீவன் கள்ளைக் குடித்துப் புத்தி தடுமாறி ஏதாவது தவறு செய்துவிட்டால், என்மேல் விட்ட அம்பை அவன்மேல் விட்டுவிடாதே என்கிறான். உன் தம்பிமார் அவனை, அண்ணனைக் கொல்வித்தவன் என்று இகழ்ந்தால் தடுத்துவிடு என்கிறான். தன்னைக் கொல்ல ஏற்பாடு செய்த தம்பியின் குடிப்பழக்கம்தான் சாகிறவன் கவலை! பிறகு அங்கதனை ஒப்படைக்கிறான். வீட்டுக்கு மூத்தவன் ஒருவன் எப்படிச் சாவான் என்று கம்பனுக்குத் தெரிந்திருந்தது.

பாகவதத்து அஜாமிளன் கதையையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம். கெட்டு அலைந்த மனிதன். சாகும் தறுவாயில் யமதூதர்களைக் கண்டு பயந்து, ‘நாராயணா’ என்று கடைசிப் பிள்ளையைக் கூப்பிடுகிறான். அது பகவான் பெயர் என்பதால் விஷ்ணு தூதர்கள் வந்து காப்பாற்றினார்கள். நாம மகிமைக்குச் சொல்லப்பட்ட கதை என்பது சரி. கதை சொன்னவர் மனித சுபாவம் தெரிந்தவர் என்பதை நான் சொல்ல விரும்புகிறேன். பயம் வந்தால் கிழவன் கடவுளைக் கூப்பிட மாட்டான், கடைக்குட்டியைத்தான் கூப்பிடுவான் என்று அவருக்குத் தெரியும். மோட்சத்தைக்கூட அந்த வழியாகவே வரவைத்தார்.

புதிய இலக்கியத்தில் இந்த மரபைக் கெடாமல் வைத்திருந்தவர் புதுமைப்பித்தன். ‘செல்லம்மாள்’ கதையில் சென்னையில் துணிக்கடைச் சிப்பந்தியின் மனைவி நோயில் கிடக்கிறாள். புருஷன் பிரமநாயகம் பிள்ளை வேலைக்கும் போக வேண்டும், அடுப்பும் மூட்ட வேண்டும், அவளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜன்னி வேகத்தில் அவள் அவரையே தன் தாயாராக நினைத்துக்கொண்டு, ஊருக்குப் போய்விடலாம் என்று பேசுகிறாள். தத்துவம் ஒன்றும் இல்லை, ஊர் ஏக்கம்தான். புருஷனும் தன்னைத் தாயாராக்கிக்கொண்டு சமாதானம் சொல்லுகிறார். தாம்பத்தியம் என்ற விஷயத்தைப் பற்றி அதற்குமேல் ஒருவர் எழுத என்ன இருக்கிறது?

ஆகவே மரபில் குறை இல்லை. நாடக மேடையிலிருந்து இறங்கி, சினிமாவில் பருத்து, நாவலுக்குள் நுழைந்துவிட்ட பிரசங்கப் பழக்கம்தான் குறை. அது நாவலோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

நம் நடுத்தரக் குடும்பங்களில் ஒருவர் சாகக் கிடக்கும்போது நடப்பது இவான் இலியீச் வீட்டில் நடந்ததேதான். டாக்டர் மூத்த பிள்ளையைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய்ச் சொல்லுகிறார். பிள்ளை முகத்தை மாற்றிக்கொண்டு உள்ளே வந்து, “ஒண்ணுமில்லைப்பா, பத்து நாள்ல எழுந்து உட்கார்ந்துடுவேள்” என்கிறான். அப்பாவும் சரி என்று தலையாட்டுகிறார். அவர் ஏதாவது சின்ன விஷயம் பேச ஆரம்பித்தால், “அதெல்லாம் இப்ப எதுக்கு? அலட்டிக்காம படுங்கோ” என்று அடக்கிவிடுகிறார்கள். நாவலில் வருகிற மாதிரி பெரிய வார்த்தை ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்கிறவர்கள், வந்துகொண்டிருக்கும் வார்த்தையைக் கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ரிடையரான தலைமைக் குமாஸ்தா ஒருவர் கடைசி இரண்டு நாளும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: “கிணத்துக் கயிறை மாத்தியாச்சா?” பிதற்றுகிறார் என்று எல்லாரும் தீர்மானித்துவிட்டார்கள். கயிறு நைந்திருந்தது உண்மை. விடியற்காலை இருட்டில் அந்தக் கிணற்றில் தண்ணீர் இழுக்கிறவள் அவர் மனைவி. நாற்பது வருஷத்தில் அந்த அம்மாளிடம் அவர் அன்பாக ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. பேசினபோது, பிதற்றல் என்று சொல்லிவிட்டார்கள். மாற்றியாகிவிட்டது என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். மாற்றியே இருந்தால் இன்னும் நல்லது.

எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற டாக்டர் அம்மையார் அமெரிக்காவில் சிக்காகோ ஆஸ்பத்திரியில் இருநூறுக்கும் மேற்பட்ட மரண நோயாளிகளோடு உட்கார்ந்து பேசி, 1969-இல் ஒரு புஸ்தகம் எழுதினார். முதலில் டாக்டர்கள் நோயாளிகளைக் காட்டவே மறுத்தார்களாம். நோயாளிகளோ பெரும்பாலோர் பேசத் தயாராக இருந்தார்கள். கேட்க ஆள் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டார்கள். டால்ஸ்டாய் கெராஸிமைப் படைத்து எண்பது வருஷங்களுக்கு மேல் கழித்து வைத்திய சாஸ்திரம் அவனிடம் வந்து சேர்ந்தது.

ஸாக்ரடீஸ் விஷம் அருந்திய நாளை பிளேட்டோ எழுதி வைத்திருக்கிறார். பகல் முழுவதும் ஆத்மா அழியாதது என்று சீடர்களோடு விவாதம். விஷம் மேலே ஏறிக் குளிர்ந்து வரும்போது, முகத்தை மூடிய துணியை விலக்கிவிட்டு, அஸ்கிலீபியஸ் தேவதைக்கு ஒரு சேவல் கடன் இருக்கிறது, மறக்காமல் கொடுத்துவிடு என்று நண்பர் கிரீட்டோவிடம் சொன்னாராம். அதற்குத் தத்துவார்த்தம் கண்டுபிடித்து உரை எழுதினவர்கள் ஏராளம். கிரீட்டோ உரை எழுதவில்லை. அப்படியே செய்கிறேன், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். நாவல் எழுதுகிறவர்களும் கட்டிலருகே உட்காருகிறவர்களும் கற்றுக்கொள்ள வேண்டியது கிரீட்டோவின் அந்தக் கேள்வியைத்தான்.